பத்தாவது விக்கெட்

கல்முனைக் கடற்கரையில் மாலை நான்கு மணிக்கு மேல் உலாவச் செல்பவர்கள் ஒரு காட்சியைக் காணாது திரும்ப முடியாது. மணலில் ஏற்றிவிடப்பட்ட தோணிகளுக்கிடையே கிடைக்கும் சிறு வெளியில் சிறுவர் கூட்டம் மென்பந்துத் துடுப்பாட்டம் ஆடிக்கொண்டிருக்கும். மூன்று கம்புகளுக்குப் பதிலாக மீன்பெட்டியொன்று நிற்கும். பந்து தோணிக்குள் விழுந்தால் நான்கு ஓட்டம். கடலில் விழுந்தால் அடித்தவன் ஆட்டமிழந்தவன், அதுவுமன்றி நனைந்து சென்று பந்தை எடுத்து வரவேண்டியவனும் அவனே. இச்சட்டத்தை இயற்றியவர் எவரென்று நாம் விசாரித்தறிந்தோமில்லை. ஆயினும் நாட்டில் நடைமுறையிலுள்ள சட்டங்கள் பலவற்றிலும் நியாயமான சட்டம் இதுவென்றே எமக்குத் தோன்றுகிறது.

அச்சிறுவர்களுள் பந்து வீச வருபவன் எவனாயினும் அவன் செய்யும் முதற் காரியம் கண்களை அகல விரிப்பது. இரண்டாவது, மணிக்கட்டை ஒரு சுழற்றுச் சுழற்றுவது. முத்தையா முரளிதரன் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற 2010ஆம் ஆண்டில் இவர்களிற் பலர் பிறந்திருக்கவும் மாட்டார்கள். இருந்தும் அந்தக் கண்களும் அந்த மணிக்கட்டும் மருதமுனையிலிருந்து பொத்துவில் வரையும் இந்தக் கரை முழுவதும் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

நாம் துடுப்பாட்ட நிபுணர் அல்லர். கல்லூரியொன்றில் வரலாறு படிப்பிப்பது எமது தொழில். எனினும் சில ஆண்டுகளுக்கு முன், எமது பகுதிப் பிள்ளைகளைச் சேர்த்து அமைத்த இளைஞர் அணியொன்றுக்குப் பொறுப்பாசிரியராகச் செல்லும் பணி எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. எம்மைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் எமது ஆட்டத்திறன் என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. சனிக்கிழமைகளில் வேறு வேலை இல்லாதவரும், பெரிய குடையொன்று வைத்திருப்பவரும் நாம் ஒருவரே என்பதுதான் உண்மைக் காரணம்.

அவ்வணியில் சாய்ந்தமருதுப் பிள்ளைகள் இருந்தனர். காரைதீவு, பாண்டிருப்புப் பிள்ளைகளும் இருந்தனர். இந்த ஊர்களின் அமைப்பை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இவை ஒன்றையொன்று முதுகோடு முதுகு ஒட்டி நிற்பவை. ஓரூர் முடிந்து மற்றவூர் தொடங்கும் இடத்தை வீதியோரப் பெயர்ப்பலகையைக் கொண்டுதான் அறியவேண்டும். பேசும் மொழி ஒன்று. உண்ணும் மீன் ஒரே கடலின் மீன். ஆயினும் அந்தப் பெயர்ப்பலகைகள் எத்தனை கனமானவை என்பதை இங்கு வாழ்பவர்களே அறிவர்.

ஒரு சனிக்கிழமை வெளியூர் மைதானமொன்றில் ஆட்டம். எமது அணியின் சுழற்பந்துக்காரன் சாய்ந்தமருதுப் பையன்; ஏழு விக்கெட்டுகளை ஒருவனாகவே வீழ்த்திவிட்டான். எட்டாவதும் விழவேண்டிய பந்து ஒன்று மட்டையின் ஓரத்தைத் தொட்டு, ஸ்லிப்பில் நின்ற பாண்டிருப்புப் பையனின் நெஞ்சுக்கு நேரே சென்றது. குழந்தையும் பிடிக்கும் பிடி. அவன் விட்டுவிட்டான். அடுத்த சில ஓவர்களில் மறுமுனைப் பந்துவீச்சாளன் மிகுதி மூன்றையும் எடுத்துவிட்டான். ஆட்டத்தில் நாம் வென்றோம். வென்ற பின்னர், பந்து வீசிய பையன் எல்லோருக்கும் கேட்கும்படி ஒன்று சொன்னான்:

“எங்கட பொடியன் ஒருத்தன் அதில நிண்டிருந்தா பிடிச்சிருப்பான்.”

அந்த வாக்கியத்தில் பந்து மட்டும் இருக்கவில்லை, ஊரும் இருந்தது. திரும்பி வந்த வானில் ஒருவரும் பேசவில்லை. ஒரு சாரார் முன்னாசனங்களிலும் மறுசாரார் பின்னாசனங்களிலும் தாமாகவே பிரிந்து அமர்ந்துகொண்டதை நாம் நடுவிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தோம். அடுத்த பயிற்சிக்குப் பதினாறு பேரில் ஒன்பது பேரே வந்தனர்.

வரலாற்று ஆசிரியனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே, பழங்கதை சொல்லுதல். வந்த ஒன்பது பேரையும் நிழலில் இருத்தி, 2002ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் நடந்ததைச் சொன்னோம்.

சிம்பாப்வே அணிக்கு எதிரான டெஸ்ட் ஆட்டம் அது. முதல் நாள் முடிவில் வீழ்ந்த விக்கெட்டுகள் ஒன்பது, ஒன்பதும் முரளிதரனுக்கே. மறுநாட் காலையில் இன்னும் ஒன்று கிடைத்தால், ஒரு இன்னிங்ஸின் பத்து விக்கெட்டையும் ஒருவரே எடுத்த பெருமை அவருக்காகும். டெஸ்ட் வரலாற்றில் அதுவரை அதனைச் செய்தவர் இருவர் மட்டுமே. 1956இல் இங்கிலாந்தின் ஜிம் லேக்கர், 1999இல் இந்தியாவின் அனில் கும்ப்ளே. விடிந்ததும் முரளி வீசிய பந்தொன்று குறுங்கால் திசையில் நின்ற ரசல் ஆர்னல்டிடம் சென்றது. ஆர்னல்ட் அதைத் தவறவிட்டார். பின்னர் மறுமுனையிலிருந்து சமிந்த வாஸ் வீசிய பந்து ஹென்றி ஒலோங்காவின் மட்டையைத் தொட்டு விக்கெட் காப்பாளர் குமார் சங்கக்காரவின் கைக்குள் சென்றது. களத்தில் நின்றவர்கள் வழக்கம்போல் ஆர்ப்பரித்து நடுவரைக் கேட்கவில்லை. தொண்டைக்குள் விழுங்கிய அரைக்குரலே எழுந்தது. நடுவரோ விரலை உயர்த்திவிட்டார். முரளியின் கணக்கு 51 ஓட்டங்களுக்கு 9 விக்கெட் என்று நின்றுவிட்டது.

இதில் இன்னுமொரு வேடிக்கை உண்டு. அஸ்கிரிய, கண்டி திரித்துவக் கல்லூரியின் மைதானம். சங்கக்கார அக்கல்லூரியின் பழைய மாணவர். முரளியோ அதன் பரம்பரைப் போட்டிக் கல்லூரியான கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரியின் பிள்ளை. ஊர்ப்பலகைகள் கல்முனையில் மட்டும்தான் உண்டென்று எண்ணவேண்டாம் என எமது மாணவர்களுக்கு எடுத்துரைத்தோம்.

பந்துவீச்சாளன் என்பவன் எதிரணியோடு மட்டும் போட்டியிடுபவன் அல்லன். ஒரு இன்னிங்ஸில் பத்து விக்கெட்டுகளே உண்டு. அது பொதுப் பணப்பை போன்றது. தோழன் ஒன்றை எடுத்தால் எமக்கு ஒன்று குறைகிறது. இந்தக் கசப்பை வெவ்வேறு மனிதர் வெவ்வேறு விதமாக விழுங்கியிருக்கின்றனர். ஓல்ட் டிரபோர்ட் மைதானத்தில் அவுஸ்திரேலியாவின் இருபது விக்கெட்டில் பத்தொன்பதை லேக்கர் கைப்பற்றிய அந்த 1956ஆம் ஆண்டு ஆட்டத்தில், மறுமுனையில் வீசிக்கொண்டிருந்தவர் டொனி லொக். இருவரும் இங்கிலாந்துக்கு மட்டுமன்றி சரே மாகாண அணிக்கும் ஒன்றாக ஆடியவர்கள். அதே நிலத்தில், அதே எதிரிக்கு, 69 ஓவர்கள் வீசிய லொக்கிற்குக் கிடைத்தது ஒரேயொரு விக்கெட். தோழனுக்கு விழ விழ, அவர் சினங்கொண்டு மேலும் மேலும் வேகமாக வீசினார் என்றும், அதனாலேயே அவருக்கு விழவில்லை என்றும் அந்த ஆட்டத்தைப் பற்றிக் கூறுவர்.

டில்லியில் 1999 பெப்ரவரியில் கும்ப்ளே பாகிஸ்தானுக்கு எதிராக ஒன்பது விக்கெட்டுகளை எடுத்து நின்றபோது, மறுமுனையில் வீசிய ஜவகல் ஸ்ரீநாத் செய்தது வேறு. விக்கெட் தமக்கு விழுந்துவிடக் கூடாதென்று கருதி, துடுப்பாட்ட வீரருக்கு எட்டாத தூரத்திற் பந்தை வீசினார். கும்ப்ளே பத்தாவதையும் எடுத்தார். ஸ்ரீநாத்தின் பெருந்தன்மையை இந்திய மக்கள் இன்றும் மறக்கவில்லை.

லொக், ஸ்ரீநாத், வாஸ் ஆகிய இம்மூவருள் நல்ல தோழன் எவன் என்று பிள்ளைகளைக் கேட்டோம். ஒன்பது பேரும் ஒரே குரலில் ஸ்ரீநாத் என்றனர். எமது அபிப்பிராயம் அதுவன்று. ஸ்ரீநாத் செய்ததை நாம் குறை கூறவில்லை. ஆட்டம் ஏறக்குறைய வெல்லப்பட்டுவிட்டது, கொடுத்த பரிசும் அழகானதே. ஆனால் வாஸ் நேர்மையான பந்தை வீசினார். சங்கக்கார நேர்மையாகப் பிடித்தார். மற்றவர்கள் மனம் நொந்தனர். விக்கெட்டையும் எடுத்து, அதற்காக வருந்தவும் தெரிந்தவர்கள் அமைந்த அணியில் ஒருவனுடைய ஒன்பது விக்கெட்டுக்கும் முழுப் பெறுமதி உண்டு. இதனை ஒப்புக்கொள்ளாத பையன்கள் எம்மோடு அரை மணி நேரம் வாதாடினர். பயிற்சி அன்று நடைபெறவில்லை.

பிடி தவறியபோது முரளி என்ன செய்தார் என்று ஒருவன் கேட்டான். அதற்கு விடையாக அவருடைய வாழ்வின் முற்பகுதியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

முரளிதரன் 1972 ஏப்ரல் 17ஆந் திகதி கண்டியிற் பிறந்தவர். பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்கெனத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். தந்தையார் கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழிற்சாலை நடத்தியவர். 1977ஆம் ஆண்டின் இனக்கலவரத்தில் அக்குடும்பமும் தாக்கப்பட்டது; தொழிற்சாலை எரிந்தது. கல்லூரியில் அவர் முதலில் வேகப்பந்தே வீசினார். பதினான்காவது வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் ஆலோசனைப்படி சுழற்பந்துக்கு மாறினார். 1992 ஓகஸ்டில் கொழும்பில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவரது முதல் டெஸ்ட்.

அதன் பின்னர் வந்தது சோதனை. 1995 டிசம்பர் 26ஆந் திகதி மெல்பேர்ன் மைதானத்தில், பெருந்திரளான மக்கள் முன்னிலையில், நடுவர் டரல் ஹெயர் முரளி பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி ஏழு தடவை முறையற்ற பந்தென அறிவித்தார். பத்து நாள் கழித்து பிரிஸ்பேனில் மற்றொரு நடுவர் ரொஸ் எமர்சனும் அவ்வாறே செய்தார். தம் வழமையான பந்தை விட்டு முரளி ‘லெக் பிரேக்’ வீசியபோதும், கையை உயர்த்தினார் அவர். பிறவியிலேயே முழங்கை முற்றாக நிமிராத அமைப்பு முரளிக்கு உண்டென்பதும், எறிவது போன்ற தோற்றம் கண்ணின் மயக்கமே என்பதும் அவுஸ்திரேலியாவிலும் ஹொங்கொங்கிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் நடைபெற்ற பரிசோதனைகளாற் புலனாயின. இருபத்துமூன்று வயது இளைஞனுக்கு அவ்வேளையில் விஞ்ஞானத்தைவிட அவசரமாகத் தேவைப்பட்டது வேறொன்று. பக்கத்தில் ஒரு மனிதன் நிற்கவேண்டும்.

அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க நின்றார். மெல்பேர்னில் முரளியை மறுமுனைக்கு மாற்றி மற்ற நடுவரின் பக்கத்திலிருந்து வீசச் செய்தார். அங்கிருந்த நடுவர் ஸ்டீவ் டன் ஒன்றும் சொல்லவில்லை. 1999 ஜனவரியில் அடிலெயிட் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் ஆட்டத்தில் எமர்சன் மீண்டும் கையை உயர்த்தியபோது, ரணதுங்க அணி முழுவதையும் எல்லைக்கோடு வரை நடத்திச் சென்றுவிட்டார். நடுவருக்கு நேரே விரலை நீட்டிப் பேசிய அந்தக் காட்சி முன்மாதிரியென்று மாணவர்களுக்குப் போதிக்கத்தக்கதா என்று கேட்டால், ஆசிரியர் என்ற முறையில் நாம் சற்றுத் தயங்குவோம். ஆனால் தனியொருவன் மீது விழுந்த பழியைப் பதினொருவரும் பங்கிட்டுச் சுமந்தனர் என்பதை மறுக்க முடியாது. ஆட்டம் மீண்டும் தொடர்ந்தது. இளைஞர் மஹேல ஜயவர்தனவின் சதத்தின் துணையுடன் இலங்கை ஒரு விக்கெட்டால் வென்றது. அர்ஜுன இல்லையேல் தமது விளையாட்டு வாழ்வு இடைவழியிலேயே முடிந்திருக்கும் என்ற கருத்தை முரளி பலமுறை வெளியிட்டிருக்கிறார்.

இத்தகைய வேளைகளில் தோழர்கள் நிற்பார்கள் என்பது எங்கும் எழுதிவைத்த விதியன்று. அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டு ஜாக்கி ரொபின்சன் என்ற கறுப்பினத்தவர் புரூக்ளின் டொட்ஜர்ஸ் பேஸ்போல் அணியில் சேரவிருந்தபோது, அவரோடு ஆடமாட்டோம் என்று அவ்வணியின் வீரர் சிலரே மனுவொன்று தயாரித்தனர். முகாமையாளர் லியோ டுரோச்சர் அவர்களை அழைத்துக் கடிந்து அதை அடக்கவேண்டியதாயிற்று. எதிரணியை வெல்வது பிறகு. ரொபின்சன் முதலிற் போட்டியிட வேண்டியிருந்தது தமது உடைமாற்றும் அறைக்குள்ளேயே.

1998 ஓகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் நடந்ததையும் சொன்னோம். நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க இங்கிலாந்தை முதலில் ஆடவிட்டார். பலருக்கு வியப்பு. இரண்டு இன்னிங்ஸுக்குமிடையே முரளியின் தோளுக்கு ஓய்வு வேண்டும் என்பதே அவர் கணக்கு. இங்கிலாந்து 445 எடுத்தது. முரளிக்கு 7 விக்கெட். ஜயசூரியவின் 213 ஓட்டங்களுடன் இலங்கை 591 எடுத்த நேரம் முழுவதும் முரளி இளைப்பாறினார். பிறகு வந்து 65 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பத்தாவது எங்கே போயிற்று? எதிரணியின் தலைவர் அலெக் ஸ்டுவர்ட்டை மாற்று வீரராக நின்ற உபுல் சந்தன எறிந்து ரன் அவுட்டாக்கிவிட்டார்! இதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தனர். வந்திருந்தவர்களுள் பாண்டிருப்புப் பையனும் ஒருவன். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

போட்டியாளர் என்று உலகம் முரளிக்கு எதிரே நிறுத்தியவர் அவுஸ்திரேலியாவின் ஷேன் வோர்ன். 2004 மார்ச் மாதத்தில் ஒரே தொடரில் நான்கு நாள் இடைவெளியில் இருவரும் 500ஆவது விக்கெட்டை எடுத்தனர். காலியில் வோர்ன் முந்தினார், கண்டியில் முரளி பின்தொடர்ந்தார். அடுத்த சில மாதங்கள் முதலிடம் இருவருக்குமிடையே கைமாறிக்கொண்டிருந்தது. வோர்ன் 708 விக்கெட்டுடன் ஓய்வு பெற்றார். 2007 டிசம்பர் 3ஆந் திகதி அஸ்கிரியவில் போல் கொலிங்வுட்டை வீழ்த்தி முரளி அதனைக் கடந்தார். முரளியின் விக்கெட்டுகளில் 176 பங்களாதேசத்துக்கும் சிம்பாப்வேக்கும் எதிரானவை, வோர்னுக்கு அவ்வாறு 17 மட்டுமே என்று வோர்னின் அன்பர்கள் கணக்குக் காட்டுவர். கணக்குச் சரியே. உலகின் மிகப் பலம் வாய்ந்த அவுஸ்திரேலியத் துடுப்பாட்ட வீரர்களுக்கு வோர்ன் ஒரு டெஸ்டிலும் பந்து வீச நேரவில்லை என்பதும் சரியான கணக்கே. இவ்வழக்கைத் தேநீர்க் கடை நீதிபதிகளிடம் விட்டுவிடுவோம். அவ்விருவரும் ஒருவரையொருவர் உயர்த்தியவர்கள் என்பதற்கு, இலங்கை - அவுஸ்திரேலிய டெஸ்ட் தொடர்களின் கிண்ணம் 2007 முதல் இருவர் பெயரையும் ஒருங்கே தாங்கி நிற்பதே சான்று. வோர்ன் 2022இல் காலமானார். கிண்ணத்தில் பெயர்கள் பிரியவில்லை.

இனி காலி. 2010 ஜூலையில் இந்தியாவுக்கு எதிரான முதல் டெஸ்டோடு விலகுவேன் என்று முரளி அறிவித்தபோது அவரிடம் இருந்தவை 792 விக்கெட். எண்ணூறுக்கு எட்டுக் குறைவு. தொடர் முழுவதும் ஆடி ஆறுதலாக எடுத்திருக்கலாம். அவ்வாறு செய்யாமல், ஒரே ஆட்டத்தைத் தமக்குப் பரீட்சையாக வைத்துக்கொண்டார். மழையால் ஒரு முழு நாள் அழிந்தது. முதல் இன்னிங்ஸில் ஐந்து எடுத்தார். இரண்டாவதில் யுவராஜ் சிங், ஹர்பஜன் சிங். 799. மறுமுனையிலோ லசித் மாலிங்க ஐந்து விக்கெட்டுகளைச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவதாக லக்ஷ்மண் ரன் அவுட்டானார். எஞ்சியது ஒரேயொரு விக்கெட். அது எவருக்கும் விழலாம். நெடுநேரம் எவருக்கும் விழவில்லை. இறுதியில் பிரக்யான் ஓஜாவின் மட்டையைத் தொட்ட பந்து ஸ்லிப்புக்குச் சென்றது. அங்கே நின்றவர் மஹேல ஜயவர்தன. முரளியின் பந்தில் மஹேல பிடித்த பிடிகள் மொத்தம் 77. டெஸ்ட் வரலாற்றில் விக்கெட் காப்பாளர் அல்லாத களத்தடுப்பாளர் ஒருவரும் பந்துவீச்சாளர் ஒருவரும் சேர்ந்து இத்தனை எடுத்ததில்லை. எண்ணூறில் 77 என்றால் ஏறத்தாழப் பத்தில் ஒன்று. அந்தக் கைகள் இல்லாவிட்டால் அந்த எண் இல்லை.

முரளியைப் பற்றிப் பேசும்போது தமிழ் வீடுகளில் எழும் மற்றொரு பேச்சையும் மறைப்பது முறையன்று. போர் முடிந்த காலம் பற்றி அவர் கூறிய சில கருத்துகள் தமிழர் பலரின் மனத்தைப் புண்படுத்தின. அவரது வாழ்க்கைப் படத்தில் நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, 2020இல் எழுந்த எதிர்ப்பின் பின் விலக நேர்ந்தது. பின்னர் வேறு நடிகருடன் 2023இல் அப்படம் வெளிவந்தது. அந்த வருத்தம் நியாயமற்றதென்று நாம் சொல்லமாட்டோம். இப்பகுதியில் இழப்பில்லாத வீடு இல்லை. அதே வேளையில், 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் எழுந்து வந்து இலங்கையிலேயே அதிக உயிர்களை எமது அம்பாறைக் கரையில் கொண்டுசென்ற பின், நிவாரண லொறி வரிசைகளைத் தம் செலவில் ஒழுங்குசெய்து, விநியோகத்தைத் தாமே நின்று மேற்பார்வை செய்தவரும் அவரே. அன்று சீனிகமவுக்குச் சற்றுத் தாமதமாகப் புறப்பட்டதால் உயிர் தப்பியவர். இரண்டு கணக்கையும் ஒரே ஏட்டில் எழுதவே நாம் விரும்புகிறோம்.

கதை முடிந்ததே தவிர, எமது அணியின் பிரச்சினை முடியவில்லை. ஆகவே அன்று மாலை சாய்ந்தமருதுக்கு, பந்துவீச்சுக்காரப் பையனின் வீட்டுக்குப் போனோம். பையன் எம்மைக் கண்டதும் உள்ளே போய்விட்டான். அவனுடைய வாப்பா கரைவலைக்குப் போகிறவர். பிளேன்ரீ தந்து உபசரித்தார். நடந்ததைச் சொன்னோம். வலையைப் பலர் கூடி இழுப்பதையும், ஒற்றுமையையும் பற்றி ஏதேனும் நல்வார்த்தை சொல்வார், அதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லலாம் என்று காத்திருந்தோம். அவர் சொன்னது வேறு.

“சேர், கரையில பங்கு பிரிக்கிற நேரம் எங்களுக்குள்ள ஒவ்வொரு நாளும் சண்டைதான். தலைப்பங்கு, வலைப்பங்கு எண்டு வாய்ச்சண்டை. விடியச் சுபஹுக்குப் புறகு பாத்தா அதே ஆக்கள்தான் கயிறு புடிச்சிக்கிட்டு நிப்பாங்க. வேற ஆக்கள் எங்க இருக்காங்க?”

பிறகு உள்ளே திரும்பி, “மகன், சேருக்கு வெளியில லைட்டப் போடு” என்றார்.

அடுத்த சனிக்கிழமை பையன் வந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை, மற்றவனும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பிடி பழகும் நேரத்தில், அணியில் ஏனையோர் எல்லாம் சிதறி நின்றபோது, அவன் பாண்டிருப்புப் பையனுக்கு எதிரே போய் நின்று, ஒரு பந்தின் பின் ஒரு பந்தாக நெஞ்சு உயரத்துக்கு எறிந்துகொண்டேயிருந்தான். மஃரிபு பாங்கு கேட்கும் வரை இருவரும் நிறுத்தவில்லை.

அதற்கடுத்த ஆட்டத்தில் ஸ்லிப்பில் யாரை நிறுத்துவதென்று நாம் குடையின் கீழிருந்து யோசிக்கத் தொடங்குமுன்னரே, பந்தைக் கையில் வைத்திருந்தவன் அவனைக் கையசைத்து அங்கே நிற்கச் செய்துவிட்டான். அன்று அவனிடம் இரண்டு பிடிகள் வந்தன. ஒன்றைப் பிடித்தான், ஒன்றை விட்டான்.